கூழாங்கல் நானாவின் பதினேழு மரங்கள்

கல்லைத் திட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லைக் கும்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தெருவில் கிடந்த கூழாங்கல்லை எடுத்து, தூசி தட்டி, "எங்கடா போன இவ்ளோ நேரம்?" என்று விசாரித்து, அதன் மரத்தடி வரை கூட்டிக்கொண்டு போய் விட்ட மனிதர் காரைக்காலில் மட்டுமல்ல, உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தெருவில், எதிர் வரிசையில், நான்கு வீடு தள்ளி இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்குத் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் கூழாங்கல் நானா.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். எனக்கு எழுபத்தொன்று, அவருக்கு அறுபத்தெட்டு. மூன்று வயது இளையவரை அண்ணன் என்று கூப்பிடுகிறோமே என்று முதல் இரண்டு மாதம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு தெருவோடு சேர்ந்துகொண்டேன்.

கடற்கரைச் சாலைக்குப் போகும் எங்கள் தெருவில் பதினேழு மரங்கள். ஒன்பது புங்கை, ஐந்து பூவரசு, மூன்று வேம்பு. ஊரை அழகுபடுத்தும் திட்டம் ஒன்று வந்தபோது, ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் நாலடிக்கு நாலடி சிமெண்ட் விளிம்பு கட்டி, உள்ளே வெள்ளைக் கூழாங்கல் கொட்டினார்கள். அன்று மாலை பார்ப்பதற்குத் தட்டில் வைத்த கல்கண்டு மாதிரி இருந்தது. மறுநாள் காலை கல்கண்டு ரோட்டில் இருந்தது.

காரணங்கள் பல. கோழி கிளறும். நாய் குழி பறித்துப் படுக்கும். டியூஷனுக்கு வரும் பெண்பிள்ளைகள் அஞ்சாங்கல் ஆட அள்ளிப் போவார்கள். ஆடி முடித்ததும் போட்ட இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். பைக்கை விளிம்பின் மேல் ஏற்றி நிறுத்துகிறவர்கள் தனி. போதாக்குறைக்கு எங்கள் தெருவில் எதையாவது காலால் தள்ளாமல் நடக்கத் தெரிந்தவர்கள் மொத்தம் நாலு பேர். அதில் ஒருவர் வாக்கர் வைத்து நடப்பவர்.

இந்த நிலையில்தான் நானா ரோட்டில் கிடக்கும் கல்லைப் பொறுக்கக் காலி பெயிண்ட் டப்பா ஒன்றைக் கையில் எடுத்தார்.

அவர் இருபத்தாறு வருடம் வளைகுடா நாடு ஒன்றில் இருந்தவர். அவர் சொந்தத்தில் அங்கே போய் ஜவுளிக்கடை வைத்தவர்கள் உண்டு, கப்பல் கம்பெனியில் பெரிய பதவியில் உட்கார்ந்தவர்கள் உண்டு. இவர் மட்டும் சாலையோரத் தோட்ட வேலையில் சேர்ந்து, ஈச்ச மரங்களைச் சுற்றிக் கல் பரப்பிக்கொண்டிருந்தார். பாலைவனத்தில் போய்க் கல் பரப்பியவர் என்று அவருடைய மச்சினர்களே சிரிப்பார்களாம். ஊருக்கே திரும்பி வந்த மறுவருடம் மனைவி இறந்துபோனார். மகள் கல்யாணமாகி அதே வளைகுடாவுக்குப் போய்விட்டார். ஒன்பது கதவுகள் உள்ள வீட்டில் நானா ஒரு கதவை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்.

"சார், கல்லுக்கு ஊர் சுத்துற புத்தி உண்டு. அதுலயும் இந்தக் கூழாங்கல்லு இருக்கே, நெலையா ஒரு எடத்துல இருக்காது. உருண்டைல்ல? ஒடச்ச கல்லுன்னா முள்ளு முள்ளா ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுக் கெடக்கும். இத வாங்கிக் கொட்டுனவன் வீட்டுல கோலிக்குண்டுதான் வெளையாடியிருப்பான்" என்பார்.

அவருக்கு விதிகள் இருந்தன. கல் எப்போதும் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே இருக்க வேண்டும். "சமமா கொட்டுனா எட்டிப் பாக்கும் சார். எட்டிப் பாத்தா எறங்கிடும்." அடிமரத்தை ஒட்டிக் கல் இருக்கக் கூடாது, ஒரு சாண் விட வேண்டும். "கழுத்த புடிச்சா மரத்துக்கு மூச்சு முட்டும்." முக்கியமான விதி, எந்த மரத்துக் கல்லோ அந்த மரத்துக்கே போக வேண்டும். ஏன் என்று கேட்டால், "அமானிதம் சார். ஒருத்தரு நம்பி வச்சத இன்னொருத்தருகிட்ட குடுக்கலாமா?" என்பார்.

எந்தக் கல் எந்த மரத்துடையது என்று இவருக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி என்னை ஒன்பது நாள் தூங்கவிடவில்லை. பத்தாம் நாள் ஆறு மரங்களிலிருந்து ஆறு கற்களை எடுத்து, அடியில் பென்சிலால் எண் போட்டு, கடற்கரையில் பொறுக்கிய ஒரு கல்லையும் சேர்த்து, ஏழையும் ஒரு கிண்ணத்தில் போட்டு அவரிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்தார். புங்கம்பூ உதிர்ந்த கறை, வேப்பம்பழப் பிசுக்கு, பூவரசு இலை மக்கிய மஞ்சள் என்று முனகிக்கொண்டே ஆறையும் சரியாகச் சொன்னார். ஏழாவதை நக்கிப் பார்த்தார்.

"சார், இது உப்புக் கல்லு. நம்ம தெருவு இல்ல. யாரு வீட்டுப் புள்ளைய தூக்கிட்டு வந்தீங்க?"

அந்தக் கல்லைக் கடற்கரையில் கொண்டுபோய்ப் போட்ட பிறகுதான் என்னோடு பேசினார்.

ஒருமுறை கல்யாண ஊர்வலக் கார் ஒன்று திருப்பத்தில் மூன்றாவது புங்கையின் விளிம்பில் ஏறி இறங்கியது. நானா நடுரோட்டில் நின்று காரை மறித்தார். டயரின் பள்ளத்தில் நான்கு கற்கள் சிக்கியிருந்தன. சட்டைப் பையிலிருந்து டீ ஸ்பூனை எடுத்து, ரோட்டில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நெம்பினார். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மூன்று கல் வந்துவிட்டது, நான்காவது வரவில்லை. கடைசியில் மாப்பிள்ளையே இறங்கி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கார் சாவியால் அதைத் தட்டி எடுத்துக் கொடுத்தார்.

"நல்லா இருப்பீங்க தம்பி. பொறுமையான ஆளு. பொண்ணு குடுத்து வச்சவ" என்று நானா வாழ்த்தினார். அப்போது முகூர்த்தத்துக்குப் பதினொரு நிமிடமே மிச்சம் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவருக்கும் தெரு கூட்டும் அஞ்சலைக்கும் நடந்த போர் தனிக் கதை. அஞ்சலையின் விளக்குமாறு ஒரு வீச்சில் இருபது கல்லைக் குப்பையோடு சேர்க்கும் வல்லமை படைத்தது.

"அஞ்சல, குப்பையத்தானே கூட்டச் சொன்னாங்க? கல்லு என்ன குப்பையா?"

"ரோட்டுல கெடந்தா எனக்கு எல்லாம் குப்பதான் நானா. நீங்க கெடந்தாலும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

"என்னைய அள்ளுறதுக்கு முன்னாடி கல்லப் பொறுக்கி வச்சிட்டு அள்ளு."

"பொறுக்கி வச்சு, குளிப்பாட்டி, பவுடர் போட்டுத் தொட்டில்ல போடவா?"

"போடேன். ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

இது தினமும் காலை ஆறே காலுக்கு நடக்கும். இருவரில் ஒருவர் வராத நாளில் மற்றவர் முகம் செத்துப்போயிருக்கும்.

இதையெல்லாம் நான் என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கத்தில் முப்பத்து மூன்று ஆண்டு விளைச்சல் கணக்கெடுத்தவன். வயலில் கயிறு கட்டிக் கட்டம் போட்டு, அந்தக் கட்டத்து நெல்லை மட்டும் அறுத்து எடை பார்த்து, அதிலிருந்து ஊர் விளைச்சல் மொத்தத்தையும் சொல்லும் வேலை. விழிதியூரிலும் போலகத்திலும் என் கயிறு படாத வயல் குறைவு. மனைவி போய் மூன்று வருடம். மகன் பெங்களூரில். ஒரு நாளைக்கு நான் வாய் திறந்து சொல்லும் வாக்கியங்கள் சராசரி ஏழு. அதில் இரண்டு பால்காரரிடம், ஒன்று பல்லியிடம்.

இப்படிப்பட்டவன் ஜன்னலில் உட்கார்ந்தால் என்ன செய்வான்? எண்ணுவான். எண்ணினால்? மனு எழுதுவான்.

துணி மாட்டும் கம்பியை வளைத்து ஓரடிச் சதுரம் செய்து, மரத்தடியில் வைத்து, மேலாகத் தெரியும் கற்களை எண்ணினேன். இருநூற்றுப் பத்து. அடிமரம் போக மரத்துக்குப் பதினைந்து சதுர அடி. பதினேழு மரத்துக்கும் ஐம்பத்து மூவாயிரத்து ஐந்நூற்று ஐம்பது கல். பிறகு ஒரு நாள் காலை ரோட்டில் கிடந்தவற்றை எண்ணினேன். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. வகுத்துப் பார்த்தேன். இன்னும் நாற்பத்தைந்தே நாளில் எங்கள் தெருவில் மருந்துக்கும் ஒரு கல் மிஞ்சாது!

பதறிப்போய்க் கட்டம் போட்டு, கூட்டுத்தொகைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, 'தக்க நடவடிக்கை எடுக்குமாறு' தெருப் பராமரிப்பு அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். விளிம்பை நாலு விரல் உயர்த்துவார்கள், கல்லைப் பார்த்துக்கொள்ள ஆள் போடுவார்கள், நானாவுக்கும் வேலை குறையும் என்பது என் எண்ணம்.

நான் செய்த பிழை என்ன தெரியுமா? நான் எண்ணிய காலை, மாங்கனித் திருவிழாவுக்கு மறுநாள். ஊர்வலம் எங்கள் தெருவில் வராது. ஆனால் மாடியிலிருந்து வீசும் மாம்பழத்தைப் பிடிக்க நல்ல இடம் தேடி ஓடும் கூட்டமெல்லாம் எங்கள் தெரு வழியாகத்தான் ஓடும். வருடத்தில் ஒரு நாள் பதினேழு மரத்தடியும் உழுத வயல் மாதிரி ஆகும். 'வரப்போரத்தில் கட்டம் போடாதே, கணக்கு கெட்டுப்போகும்' என்று எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்! வரப்பின் மேலேயே கட்டம் போட்டுவிட்டேன்.

முப்பத்து மூன்று ஆண்டில் எந்த மனுவுக்கும் நான்கு மாதத்துக்குக் குறைந்து பதில் வந்து நான் பார்த்ததில்லை. இதற்குப் பன்னிரண்டாம் நாள் ஆள் வந்துவிட்டார்கள். இளம் பெண் பொறியாளர் ஒருவர். கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வேலைக்கு வருபவர். மரங்களை அளந்தார். அஞ்சலையிடம் சொன்னார். அஞ்சலை தெருவுக்கே சொன்னார்.

"கல்ல பூரா அள்ளிட்டு, மரத்தோட அடி வரைக்கும் சிமெண்ட்டு போட்டு மெழுகப் போறாங்களாம். யாரோ ஒரு புண்ணியவான் எழுதிப் போட்டுட்டானாம்."

நானா டப்பாவைக் கீழே வைத்தார். அவர் கையில் டப்பா இல்லாமல் நான் பார்த்தது அதுவே முதல்முறை.

"ஏம்மா, அடி வரைக்கும் சிமெண்ட் போட்டா தண்ணி எப்புடிம்மா எறங்கும்?" என்று பொறியாளரிடம் கேட்டார். "நான் வேல பாத்த ஊருல ஒரு தெரு பூரா இப்படித்தான் மெழுகுனாங்க. ரெண்டே வெயிலு. நாப்பது மரத்தையும் வேரோட புடுங்குனோம். நான்தான் நின்னு புடுங்குனேன்."

அவர் குரல் அவ்வளவு இறங்கிப் போய் நான் கேட்டதில்லை. நான் ஜன்னலுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி நின்றேன்.

பொறியாளர் நல்ல பெண். "ஐயா, எனக்கு மட்டும் ஆசையா? பைக்ல போறவங்க சறுக்கி விழுறாங்க. நாற்பத்தஞ்சு நாள்ல எல்லாம் காலின்னு கணக்கோட எழுதியிருக்காங்க. கல்லு ரோட்டுக்கு வராதுன்னு நீங்க காட்டுனா நான் ஆபீஸ்ல பேசுறேன். பத்து நாள் எண்ணிக் குடுங்க. கடைசி மூணு நாள் ரோட்டுல ஒரு கல்லு இருக்கக் கூடாது. இருந்தா சிமெண்ட்தான்."

"யாரும்மா எண்ணுறது?"

"யாராவது ஒழுங்கா எண்ணத் தெரிஞ்சவங்க."

நானா திரும்பினார். நேராக என் ஜன்னலைக் கை காட்டினார்.

"எங்க சார் இருக்காரும்மா. நெல்லையே எண்ணுனவரு."

என் மனுவை எதிர்த்து நானே எண்ண வேண்டியதாயிற்று.

முதல் நாள் அறுபத்து நான்கு. இரண்டாம் நாள் ஐம்பத்தெட்டு. மூன்றாம் நாள் அறுபத்தொன்று. அதாவது என் நாற்பத்தைந்து நாள் என்பது உண்மையில் எண்ணூற்று எழுபத்தேழு நாள். நானா டப்பாவோடு நடமாடும்வரை அதுவும் இல்லை. இந்தக் கணக்கை நான் வெளியே சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் மாலை நானா துறைமுகப் பக்கம் போய், மீனவர்கள் கழித்துப் போட்ட நைலான் வலையை ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு வந்தார். கல்லை ஒதுக்கி, வலையைப் பரப்பி, மூங்கில் முளையால் விளிம்போரம் இறுக்கி, மேலே கொஞ்சம் உடைகல்லும் கூழாங்கல்லும் கலந்து பரப்பி, கட்டையால் தட்டினார். ஒவ்வொரு கல்லும் வலைக் கண்ணில் முட்டைத் தட்டில் முட்டை மாதிரி உட்கார்ந்துகொண்டது. நான் முளை எடுத்துக் கொடுத்தேன். மொத்தம் இருநூற்று நான்கு முளை. அஞ்சலை விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டு, வலையின் மறுமுனையைப் பிடித்தார்.

"நானா, இந்தத் தெருவுல மீனு மாட்டுனா எனக்கு."

"திமிங்கலமே மாட்டும். நீ இழுத்துப் புடி."

இவ்வளவு எளிய யோசனை உங்களுக்கு ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டேன். நானா மூக்கைச் சொறிந்தார். அடுத்த முளையை வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மாலை வேலை முடிந்தது. ஆறு மணிக்கு எண்ணினேன். ஒரு கல்கூட வெளியே இல்லை. கோழி வந்து கிளறிப் பார்த்து, அவமானப்பட்டுப் போயிற்று. நான் கட்டத்தில் பூஜ்யம் போட்டு, அதை அழகாக வட்டமாக்கினேன். அன்று மட்டும் நாற்பத்திரண்டு வாக்கியம் பேசியிருந்தேன்.

ஆறாம் நாள் காலை எண்ணினேன். பதினேழு.

இரண்டு முறை எண்ணினேன். பதினேழேதான். மரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு மரத்துக்கும் எதிரே, விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரே ஒரு கல். நாய் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. காற்றுக்கு எண்ணத் தெரியாது. கணக்கெடுப்பில் இருந்தவனுக்கு இது போதும். எண் இவ்வளவு அழகாக வந்தால், அதற்குப் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது.

ஏழாம் நாள் ஐந்து மணிக்கே எழுந்து ஜன்னலில் உட்கார்ந்தேன். கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. சுபுஹு தொழுகை முடிந்து நானா தொப்பியோடு வந்தார். முதல் மரத்தடியில் குந்தினார். சட்டைப் பையிலிருந்து டீ ஸ்பூனை எடுத்தார். அவரே கட்டிய வலை. கல் லேசில் வரவில்லை. நெம்பினார். முனகினார். ஸ்பூன் வளைந்தது, நிமிர்த்திக்கொண்டார். கடைசியில் ஒரு கல் வந்தது. அதை ரோட்டில் மெதுவாக, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார். அடுத்த மரத்துக்குப் போனார். பதினேழு மரத்துக்கும் முப்பத்தெட்டு நிமிடம். பிறகு வீட்டுப் படியில் உட்கார்ந்து, விடிவதற்காகக் காத்திருந்தார்.

ஆறே காலுக்கு டப்பாவோடு இறங்கினார். குனிந்து பொறுக்க ஆரம்பித்ததும், "என்ன நானா, வலையையும் மீறி வந்துருச்சா?" என்று பால்காரர் நின்றார். "இடுப்பு வலிக்கலையா நானா?" என்று வாக்கர்க்காரர் கேட்டார். அஞ்சலை வந்தார், வழக்கமான போர் நடந்தது. பதினொரு பேர் அவரோடு பேசினார்கள். நான் எண்ணினேன்.

அன்றைய கட்டத்தில் பதினேழு என்று எழுதிவிட்டு, ரோட்டைக் கடந்து அவர் வாசலுக்குப் போனேன்.

"நானா, நான் பார்த்தேன்."

"என்னத்த சார்?"

"ஸ்பூனை."

அவர் பையிலிருந்து அதை எடுத்து, யாரோ வைத்துவிட்டுப் போனது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளையிலேருந்து மூணு நாள் ஒரு கல்லு வெளிய இருக்கக் கூடாது. மரம் போயிடும்னு நீங்கதானே அழுதீங்க? நீங்களே எடுத்துப் போட்டா என்ன அர்த்தம்?"

"வல நல்லா புடிச்சிருச்சு சார்" என்றார். துக்கச் செய்தி சொல்வது மாதிரி இருந்தது. "முந்தாநேத்து சாயங்காலம் டப்பாவ எடுத்துக்கிட்டு இந்த முக்குலேருந்து அந்த முக்கு வரைக்கும் நடந்தேன். ஒரு கல்லு இல்ல. ஒரு மனுசன் நிமிந்து பாக்கல. குனிஞ்சு பொறுக்குனாத்தான் சார் என்ன நானா, ஏது நானாங்குறாங்க. கைய வீசிக்கிட்டு நடந்தா யாரு கேக்கப் போறா?"

என்ன சொல்வதென்று தெரியாதபோது மனிதன் உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

"அந்த மனுவை எழுதியது நான்தான்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"அந்தப் பொண்ணு காட்டுச்சு. கட்டம் போட்டு, அடியில ரெண்டு கோடு. போன வருசம் கொசுவ எண்ணி ஒரு மனு எழுதி, கையெழுத்துக் கேட்டு வீடு வீடா வந்தீங்கள்ல? அதே ரெண்டு கோடு."

"தெரிஞ்சுமா என்னையே எண்ணச் சொன்னீங்க?"

"பின்ன? கெடுத்தவருதான வந்து ஒக்காரணும்? இல்லாட்டி நீங்க அந்த ஜன்னல வுட்டு எறங்குவீங்களா?"

பிறகு உள்ளே போய் இரண்டு டம்ளர் தேநீர் கொண்டுவந்தார். இஞ்சி தட்டிப் போட்டது. நான்கு மிடறு குடித்தோம். அதன் பிறகு ஒப்பந்தம் ஏற்பட்டது. மூன்று நாள் அவர் ஸ்பூனைத் தொடக் கூடாது. அவர் கையைப் பார்த்துக்கொள்ள நான் ஐந்து மணிக்கே வந்து அவர் வீட்டுப் படியில் உட்கார வேண்டும்.

எட்டாம் நாள் அவர் கை இரண்டு முறை சட்டைப் பைக்குப் போனது. நான் கனைத்தேன். ஒன்பதாம் நாள் ஒரு முறை. மீதி நேரமெல்லாம் பேச்சு. தன் மனைவி வைத்த மீன் ஆணத்தைப் பற்றிச் சொன்னார்; குழம்பை அவர்கள் வீட்டில் ஆணம் என்பார்கள். நான் என் மனைவி சீட்டாட்டத்தில் செய்யும் களவைப் பற்றிச் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை. பத்தாம் நாள் பேச்சு மும்முரத்தில், பொறியாளரின் ஸ்கூட்டர் வந்து நின்றதே எங்களுக்குத் தெரியவில்லை.

அவர் பதினேழு மரத்தையும் சுற்றி வந்தார். செருப்பால் ஒரு கல்லைத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. என் கட்டத்தைப் பார்த்தார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

"ஐயா, பிரமாதம். சிமெண்ட் வேண்டாம்னு இன்னைக்கே எழுதிடுறேன். மத்த தெருவுக்கும் இப்படியே வலை போட முடியுமான்னு கேக்குறேன்."

அஞ்சலை கைதட்டினார். நானா மட்டும் தயங்கினார்.

"ஏம்மா, இனிமே ஒரு கல்லு கூட வெளிய வரக் கூடாதா? ஒண்ணு ரெண்டு தப்பித்தவறி வந்தா?"

"ஒண்ணு ரெண்டு வந்தா யாருங்கய்யா பாக்கப் போறா?"

நானா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பதினோராம் நாள் எனக்கு எண்ணும் வேலை இல்லை. ஆனாலும் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. ஜன்னலைத் திறந்தேன். என் வீட்டு வாசல் வேம்புக்கு எதிரே, விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஒரே ஒரு கல். மற்ற பதினாறு மரத்திலும் ஒன்றுமில்லை. எதிர் வரிசைப் படியில் நானா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு டம்ளர்.

அப்படிப் பதினான்கு மாதம் உட்கார்ந்தோம். நான் ஊரில் இல்லாத ஆறு நாளும், அவருக்குக் காய்ச்சல் வந்த நான்கு நாளும் போக மீதி எல்லாக் காலையும்.

பிறகு அவருடைய முழங்கால் கெட்டுப்போயிற்று. மகள் வந்தார். ஒன்பது கதவு வீட்டில் தனியாக வைத்திருக்க முடியாது என்றார். நியாயம்தான். கிளம்பும்போது நானா ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றார். "ஒழுங்கா இருங்கடா" என்று கல்லுக்குச் சொன்னார். அஞ்சலையிடம், "இனிமே ஒனக்குத்தான் நிம்மதி" என்றார். "ஆமா, பெரிய நிம்மதி" என்று சொல்லிவிட்டு, அஞ்சலை கூட்டிய இடத்தையே மூன்று முறை கூட்டினார்.

இப்போது நானா வளைகுடாவில் மகள் வீட்டில், பதினான்காம் மாடியில் இருக்கிறார். கீழே ஈச்ச மரமும் கல்லும் இருக்கின்றனவாம். அவ்வளவு உயரத்திலிருந்து கல்லைத் தனித்தனியாகப் பார்க்க முடியவில்லை என்பது அவருடைய குறை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எனக்குப் போன் செய்வார். முதல் வாரம் கேட்டார்:

"இன்னைக்கு எத்தன சார் வெளிய?"

"ஒன்றுமில்லை நானா. பூஜ்யம்."

"நல்லது சார். வச்சிடவா?" என்றார். பேச்சு ஐம்பது நொடியில் முடிந்துவிட்டது.

வேலையில் இருந்த காலம் முழுவதும் ஒரு நெல்மணியைக் கூட்டியோ குறைத்தோ நான் எழுதியதில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கேட்டபோது, ரோட்டைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"எட்டு நானா" என்றேன்.

"எட்டா! எந்தெந்த மரம்? பூவரசா? நான் அப்பவே சொன்னேன்ல, அந்த மூலையில முள பத்தாதுன்னு..." குரலில் உயிர் வந்துவிட்டது. ஒவ்வொரு கல்லையும் எப்படித் திரும்ப உட்கார வைப்பது, எந்தப் பக்கம் தட்டுவது, எவ்வளவு தட்டுவது என்று முப்பத்தொரு நிமிடம் சொன்னார்.

அதிலிருந்து வாரம் தவறாமல் எட்டு, அல்லது ஒன்பது. போன வாரம் துணிந்து பன்னிரண்டு என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அவர் போன பிறகு ஒரு கல்கூட வெளியே வந்ததில்லை. அவர் கட்டிய வலை அப்படி. அது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தும் பன்னிரண்டு கல்லுக்கும் அவர் தனித்தனியாக வழி சொல்கிறார். நானும் ஒன்று விடாமல் எழுதிக்கொள்கிறேன்.